உதையின் பலத்தை அளப்பது எதற்காக?

உதையின் பலத்தை அளக்கும் கருவிகள் விளையாட்டு ஆய்வுகூடங்களை விட்டு வெளியே வந்து வெகுகாலமாகிவிட்டது. எமது பிள்ளைகள் சனிக்கிழமைகளில் கராத்தேயும் தைக்குவொண்டோவும் பயிலும் பாடசாலை மண்டபங்களுக்குள்ளும் தேவாலயங்களின் நிலவறைகளுக்குள்ளும் இன்று அவை புகுந்துள்ளன. உதைப்பையைச் சுற்றிக் கட்டும் பட்டி, சுவரில் பொருத்தும் மெத்தை, காலில் அணியும் சிறு உணரி, கைத்தொலைபேசியில் எண்ணைக் காட்டும் செயலி எனப் பல வடிவங்களில் அவை விற்பனையாகின்றன. பிள்ளை உதைக்கின்றது, ஓர் எண் ஒளிர்கின்றது. அந்த எண்ணைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்கின்றனர், அல்லது முகம் வாடுகின்றனர். ஆயின் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, அதை யாரிடம் கொடுக்கலாம் என்ற கேள்விகள் எம்மிடையே எழுப்பப்படுவதாகத் தெரியவில்லை.

அளவீடு கூடாது என்று வாதிடுவது எனது நோக்கமன்று. தற்காப்புக் கலையைப் புகைமூட்டத்துக்குள் மறைத்துவைத்து, 'இது உள்ளாற்றல், இதை அளக்க முடியாது' என்று கூறிப் பணம் பறித்த ஆசான்கள் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கின்றனர். அந்தப் புகையைக் கலைத்தது பௌதிகந்தான். 1979ஆம் ஆண்டு 'சயன்ரிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் கராத்தேயின் பௌதிகம் பற்றி மூன்று விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதிவேகப் புகைப்படங்களின் உதவியோடு அவர்கள் கையின் வேகத்தை அளந்தனர். பயிற்சி பெற்றவரின் கை செக்கனுக்கு 10 முதல் 14 மீற்றர் வரையிலான வேகத்தை எட்டுவதையும், தாக்கும் கணத்தில் 3000 நியூட்டனுக்கும் மேற்பட்ட விசை பிறப்பதையும், எலும்பு அதைத் தாங்கும் அமைப்பைக் கொண்டிருப்பதையும் அவர்கள் விளக்கினர்.

அந்த மூவரில் ஒருவர் ரொனால்ட் மக்நெயர். அவரைப் பற்றி எமது பிள்ளைகளுக்குச் சற்று விரிவாகவே சொல்லலாம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் நிறவெறிச் சட்டங்கள் நிலவிய காலத்தில் பிறந்த கறுப்பினச் சிறுவன் அவர். ஒன்பது வயதில் ஊர் நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போனபோது தர மறுத்ததோடு பொலிசாரையும் அழைத்தார்கள். அதே சிறுவன் பின்னர் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கராத்தேயில் கறுப்புப் பட்டி பெற்றார். 1984இல் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். 1986 ஜனவரி 28ஆம் திகதி சலேஞ்சர் விண்கலம் வெடித்தபோது அதில் இருந்து உயிரிழந்த எழுவரில் அவரும் ஒருவர். அன்று அவருக்குப் புத்தகம் தர மறுத்த கட்டடம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. மக்நெயரும் நண்பர்களும் அளந்தது, சீமெந்துக் கட்டி உடையும்போது கை ஏன் உடைவதில்லை என்பதை அறிவதற்கு. வகுப்பில் முதலாம் பிள்ளை யார் என்பதை அறிவதற்கன்று.

இன்றைய விற்பனைக் கருவிகளுக்கு வருவோம். ஊரில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர்கள் விசை, சக்தி, வலு என்ற மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்லித் தந்தார்கள். ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினால் புள்ளி கிடையாது. விசைக்கு அலகு நியூட்டன், சக்திக்கு யூல், வலுவுக்கு உவாற்று. இக்கருவிகளின் விளம்பரங்களிலோ இம்மூன்றும் ஒன்றாகவே குழைக்கப்படுகின்றன. சில கருவிகள் எந்த அலகையும் சொல்வதில்லை. 640 என்று காட்டும். எதில் 640? தயாரித்தவர் தமக்கெனக் கற்பித்துக்கொண்ட ஏதோ ஓர் அளவில். இன்னொரு நிறுவனத்தின் கருவியில் அதே கால், அதே உதை, 215 என்று வரலாம்.

அலகைச் சரியாகச் சொல்லும் கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கணக்கைப் பாருங்கள். உதைக்கும் காலின் பயனுறு திணிவு 5 கிலோகிராம் என்றும், அது மெத்தையில் படும் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். உந்தம் 50 அலகு. மெத்தை கடினமானது, 20 மில்லிசெக்கனில் கால் நின்றுவிடுகிறது என்றால் சராசரி விசை 2500 நியூட்டன். மெத்தை மிருதுவானது, 40 மில்லிசெக்கனில்தான் நிற்கிறது என்றால் 1250 நியூட்டன். கால் ஒன்று, உதை ஒன்று, எண் மட்டும் பாதியாகிவிட்டது. எனவே பழைய மெத்தையில் அளந்த உங்கள் மகனின் எண்ணையும் வேறு மண்டபத்தில் புதிய மெத்தையில் அளந்த உங்கள் மைத்துனரின் மகனின் எண்ணையும் கலியாண வீட்டில் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஆயினும் அந்த ஒப்பீடு நடக்கின்றது. கலியாண வீடுகளில் நானே கேட்டிருக்கின்றேன்.

ஒரே பையில், ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நின்று, அதே பிள்ளை தை மாதம் உதைத்ததையும் சித்திரை மாதம் உதைத்ததையும் ஒப்பிட்டால் மட்டுமே அந்த எண் ஏதாவது சொல்லும். அப்போதும் ஓர் உதையை வைத்து முடிவுக்கு வரலாகாது. பல உதைகளின் சராசரியை எடுக்க வேண்டும். வலது காலுக்கும் இடது காலுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காண்பதற்கும், காயத்திலிருந்து மீண்ட கால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா என்று அறிவதற்கும் இது மிகவும் பயன்படும். கருவியின் மெய்யான பயன் இதுவே. இது ஒன்றும் சிறிய பயனன்று.

கருவி பயிற்சிக்குத் துணை செய்வது ஒரு விடயம். அதுவே நீதிபதியாக அமர்வது வேறொரு விடயம். இதற்குத் தைக்குவொண்டோவின் அண்மைக்கால வரலாறே சாட்சி. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக அது சேர்க்கப்பட்டபோது நடுவர்களின் கண்ணே புள்ளியைத் தீர்மானித்தது. 2008இல் பீஜிங்கில் பிரித்தானியாவின் சாரா ஸ்டீவன்சன், இரு தடவை ஒலிம்பிக் தங்கம் வென்ற சீன வீராங்கனை சென் சொங்கின் முகத்தில் இறுதிச் செக்கன்களில் பதித்த உதை நடுவர்களின் கண்ணுக்குத் தப்பியது. சென் வென்றதாக அறிவித்தார்கள். முறையீட்டின் பின் ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றினார்கள். இத்தகைய தலைகுனிவுகளுக்குப் பின், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக் கவசம் வந்தது. வீரரின் காலுறையில் பதித்த காந்தங்களைக் கவசத்திலுள்ள உணரி அறிந்துகொள்ளும். உதையின் பலம் அந்த எடைப் பிரிவுக்கென நிர்ணயித்த எல்லையைத் தாண்டினால் புள்ளி தானாகவே பதிவாகும். 2016 ரியோவில் தலைக்கவசத்துக்கும் உணரி வந்தது.

இதனால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. அகதிகளான எமக்கு இந்த நன்மை மற்றவர்களைவிட நன்றாகவே புரியும். கிமியா அலிசாதே 2016இல் ஈரானுக்காக வெண்கலம் வென்றவர், ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஈரானியப் பெண். 2020இல் நாட்டை விட்டு வெளியேறிய அவர், 2021இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சார்பில் களமிறங்கினார். இரண்டாவது போட்டியில் அவருக்கு எதிரே நின்றவர் இரு தடவை தங்கம் வென்ற பிரித்தானிய வீராங்கனை ஜேட் ஜோன்ஸ். ஒரு பக்கம் பெரிய நாடு, பெரிய பெயர். மறு பக்கம் நாட்டுக் கொடியின்றி வந்த பெண். கிமியா வென்றார். மனித நடுவர் எவ்வளவு நேர்மையாளராயினும் அவர் காதில் பெரிய பெயர் விழுந்தே தீரும். கவசத்திலுள்ள உணரி கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. 2024இல் பரிஸில் கிமியா பல்கேரியாவுக்காக மீண்டும் வெண்கலம் வென்றார். அதே பரிஸ் விழாவில் அகதிகள் அணியின் கொடியை ஏந்திய இருவரில் ஒருவரான யாஹ்யா அல் கொத்தானி, சிரியாவிலிருந்து வந்து ஜோர்தானின் அஸ்ராக் அகதி முகாமில் தைக்குவொண்டோ கற்றவர். முகாம் வாழ்வை அறிந்த எம்மவர் எவரும் அந்தச் செய்தியைச் சும்மா கடந்து போயிருக்க மாட்டார்கள்.

ஆனால் நீதி கிடைத்த அதே வேளையில் உதை மாறிவிட்டது. உணரிக்கு எது பிடிக்கும் என்பதை வீரர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். முன் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, எதிராளியின் கவசத்தைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி தேடும் முறை பரவியது. வாட்போட்டியில் வாளை நீட்டுவதுபோலக் காலை நீட்டுகிறார்கள் என்று பார்வையாளர் முணுமுணுத்தனர். இடுப்பைச் சுழற்றி முழு உடலையும் செலுத்தும் பழைய உதை அரிதாயிற்று. வேறு வழியின்றி விதிகளை மாற்றினார்கள். 2017இல் மார்புக்கு விழும் உதைக்கு ஒரு புள்ளிக்குப் பதிலாக இரண்டு புள்ளி என்றானது. சுழன்று உதைப்பவருக்கு மேலதிகப் புள்ளி கொடுத்தனர். காலைத் தூக்கி வைத்துத் தடுப்பதற்குத் தண்டம் விதித்தனர். கருவியை வாங்கியோர் உலகச் சம்மேளனத்தார். அவர்களிடம் பணமும் பொறியியலாளரும் இருந்தனர். அப்படியிருந்தும் கருவி கலையை வளைத்தது. வளைந்ததை நிமிர்த்த அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சனிக்கிழமை வகுப்பு நடத்தும் பயிற்றுநரிடம் இவற்றுள் என்ன இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தில் இந்த வளைவை நேரிலே பார்க்கலாம். உதை அளவியின் முன் பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தூரத்தைக் காலால் அளந்து, இரண்டடி பின்வாங்கி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, மூச்சை அடக்கி ஓங்கி உதைக்கின்றனர். எண் பெரிதாகத்தான் வருகிறது. ஆயின் எதிரே ஒரு மனிதர் நின்றால் அந்த உதை தொடங்குமுன்னரே இவர் கீழே கிடப்பார். கையைக் காவலுக்கு உயர்த்தி வைத்திருப்பது, உதைத்த காலை உடனே மீட்டெடுப்பது, எதிராளியின் அசைவைக் கண்டு தூரத்தைக் கணிப்பது ஆகிய எதையும் அந்த அளவி பார்ப்பதில்லை. அளவி பார்க்காததைப் பிள்ளையும் விட்டுவிடுகிறது. சுவரில் பெயர்களும் எண்களும் இறங்குவரிசையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. கடைசியிலே நிற்கும் பெயர்கள் ஒவ்வொன்றாக வகுப்புக்கு வராமல் நின்றுவிடுகின்றன.

அந்த வரிசை எதன் வரிசை என்பதையும் கவனிக்க வேண்டும். 12, 13 வயதில் ஒரே வகுப்பில் படிக்கும் இரு பையன்களில் ஒருவன் பருவமடைந்து மீசை அரும்பி நிற்பான். மற்றவன் இன்னும் குழந்தையாகவே இருப்பான். பிறந்த ஆண்டு ஒன்றாயினும் உடலின் வயதில் சில ஆண்டுகள் வித்தியாசம் இருக்கும். முன்னவனின் காலில் திணிவு அதிகம், எனவே எண்ணும் அதிகம். இதில் அவனுடைய முயற்சியும் இல்லை, மற்றவனுடைய சோம்பலும் இல்லை. அளவி இங்கே அளப்பது பயிற்சியையன்று, பருவத்தை.

உடலுக்கு வரும் கேடு வேறு. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். தொடைத் தசை முழங்காலுக்குக் கீழே பிடித்திருக்கும் இடம் திரும்பத் திரும்ப இழுபடுவதால் அங்கே வீங்கி வலிப்பதை மருத்துவர்கள் ஓஸ்குட் ஷ்லாட்டர் நோய் என்கின்றனர். ஓடி, பாய்ந்து, உதைத்து விளையாடும் பதின்ம வயதினரிடம் இது சாதாரணமாகக் காணப்படுவது. பெரும்பாலும் ஓய்வும் அளவான பயிற்சியும் போதும். ஆனால் நேற்றைய எண்ணை இன்று தாண்ட வேண்டும் என்ற வெறியோடு பாரமான பையை நாள்தோறும் முழுப் பலத்தோடு உதைக்கும் பிள்ளை ஓய்வெடுக்குமா? வலியைச் சொன்னால் பட்டியலில் கீழே போய்விடுவேன் என்று மறைக்கும் பிள்ளைகளும் இருக்கின்றனர்.

ஏன் எமது பெற்றோர் இந்த எண்ணுக்கு இவ்வளவு எளிதில் வசப்படுகின்றனர்? காரணம் எமது வரலாற்றிலேயே இருக்கிறது. புலமைப்பரிசிலின் வெட்டுப்புள்ளி, 1970களின் தரப்படுத்தல், உயர்தரப் பரீட்சையில் ஓரிரு புள்ளிகளால் மூடுண்ட பல்கலைக்கழகக் கதவு என்று புள்ளியே தலையெழுத்தாக இருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கு வந்த பின்னரோ தஞ்ச மனுவுக்கு ஓர் இலக்கம், சமூக உதவிக்கு ஓர் இலக்கம், வதிவிட அட்டைக்கு ஓர் இலக்கம். எண் இல்லாத எதையும் நம்ப எமக்குப் பழக்கமில்லை. பிள்ளை மூன்று ஆண்டுகளாக உதைக்கப் பழகுகிறது, முன்னேறியிருக்கிறதா என்று மொழி சரியாகப் புரியாத பயிற்றுநரிடம் கேட்டு அறிவதைவிட, ஒளிரும் எண்ணைப் பார்ப்பது தந்தைக்கு இலகு. அந்த ஏக்கத்தை நான் குறைகூறவில்லை. அதைக் காசாக்குவோரையே குறைகூறுகின்றேன்.

சரி, எதைத்தான் அளப்பது? சண்டையில் ஓர் உதை முடிவைத் தீர்மானிப்பது அரிது. தைக்குவொண்டோப் போட்டியில் ஒரு சுற்று இரண்டு நிமிடம், இடையே ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் அடுத்த சுற்று. மூன்றாம் சுற்றின் கடைசி முப்பது செக்கன்களிலும் கால் எழும்புகிறதா என்பதே பெரும்பாலும் கேள்வி. தாங்குதிறன் எனப்படுவது இதுதான். இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பிரேசில் நாட்டு விளையாட்டு ஆய்வாளர்கள் பரிசோதித்து எழுதியுள்ள ஒரு சோதனைக்குத் தேவையானவை ஒரு பை, ஒரு கடிகாரம், எண்ணுவதற்கு ஒரு மனிதர். பிள்ளை வலமும் இடமுமாக மாறி மாறி, இயன்ற வேகத்தில் 10 செக்கன் உதைக்க வேண்டும். பின் 10 செக்கன் ஓய்வு. இவ்வாறு ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் எத்தனை உதை என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

உதாரணமாக 20, 19, 18, 16, 15 என்று வந்தால் கூட்டுத்தொகை 88. முதல் வேகமான 20ஐயே ஐந்து முறையும் காத்திருந்தால் 100 வந்திருக்கும். ஆகவே வீழ்ச்சி 12 சதவீதம். ஆறு வாரம் கழித்து அதே பிள்ளை 19, 19, 18, 18, 17 உதைத்தால் கூட்டுத்தொகை 91. இருந்திருக்க வேண்டியது 95. வீழ்ச்சி 4 சதவீதத்துக்குச் சற்று மேல். உச்ச எண் ஒன்றால் குறைந்திருக்கிறது, பிள்ளையோ நன்றாக முன்னேறியிருக்கிறது. உதை அளவியின் பட்டியலில் இந்த முன்னேற்றம் தெரியவே தெரியாது. எண்ணுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உரிய உயரத்தில் பட்ட உதையை மட்டுமே எண்ணுதல். அரைகுறையாகத் தட்டியதை எண்ணத் தொடங்கினால் இந்தச் சோதனையும் உணரிக்குக் காலை நீட்டிய கதைதான். களைத்த பின் உதையின் வடிவம் எவ்வாறு குலைகிறது என்பதையும் பயிற்றுநர் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். மார்பில் கட்டும் இதயத்துடிப்பு அளவியை வைத்திருப்போர், ஐந்தாம் முறை முடிந்து ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம். இல்லாதோர் கழுத்தில் விரல் வைத்து எண்ணலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இக்கருவிகளோடு வரும் பல செயலிகள் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, எடை, உயரம் ஆகியவற்றைக் கேட்கின்றன. அவற்றைத் தமது கணினிகளில் சேமிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிறுவர்களின் விபரங்களை இவ்வாறு இணையச் சேவைகள் பெறுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வயதெல்லை நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை வேறுபடும். தஞ்ச மனு நிலுவையில் இருப்பதால் ஒரு கையொப்பத்துக்கே இருமுறை யோசிக்கும் குடும்பங்கள், மகளின் உடல் விபரத்தைப் பெயர் தெரியாத நிறுவனத்துக்கு யோசிக்காமல் கொடுத்துவிடுகின்றன. உண்மைப் பெயர் இல்லாமலே பெரும்பாலான கருவிகள் இயங்கும். 'மாணவர் 7' என்று பதிந்தாலும் உதை அதே உதைதான்.

பயிற்றுநர்கள் எல்லோரும் பேராசைக்காரர் அல்லர். வேலை முடித்து வந்து, மண்டப வாடகையையும் தம் கையிலிருந்தே கொடுத்து வகுப்பு நடத்துவோரை நான் அறிவேன். கருவி வைத்திருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள், இல்லையேல் பக்கத்துத் தெருக் கழகத்துக்குப் போய்விடுவார்கள் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் பெற்றோர்தான் போக்க முடியும். அடுத்த பட்டிப் பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: உதை அளவியின் எண் பட்டி வழங்குவதற்குக் கணக்கிலெடுக்கப்படுகிறதா? எந்த அலகில்? மெத்தை மாற்றப்பட்டால் பழைய எண்கள் என்னாகும்? எனது பிள்ளையின் எண்ணைச் சுவரில் ஒட்டாமல் அவளுடைய கொப்பியில் மட்டும் எழுதித் தருவீர்களா? 'பல அளவீட்டுக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை பற்றுச்சீட்டில் இருந்தால் அது எதற்கென்றும் கேளுங்கள். அதே தொகைக்கு ஒரு நிறுத்தற் கடிகாரமும் பிள்ளைக்கு ஒரு சோடி முழங்கால் கவசமும் வாங்கலாம்.